பதினெட்டாவது கிலோமீட்டரில் ஒரு சம்பந்தி

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. குற்றாலத்துக்குத் தெற்கே, தென்னந்தோப்பை ஒட்டிய வாய்க்கால் கரையில் ஓடிக்கொண்டிருந்தேன். ஓடிக்கொண்டிருந்தேன் என்பது என் தரப்பு வாக்குமூலம். எதிரே தோளில் மண்வெட்டியோடு ஒருவர் வந்தார். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே இறக்கினார்.

"எதும் துட்டிச் சேதியா அண்ணாச்சி?"

எங்கள் பக்கத்தில் துட்டி என்றால் சாவு. ஐம்பத்துமூன்று வயது ஆள், தொப்பை முன்னே செல்ல, சாரலில் நனைந்தபடி தோப்புக்குள் ஓடிவந்தால் வேறு என்னதான் நினைப்பார்?

"இல்ல. சும்மா ஓடுதேன்."

"சும்மாவா?" பனியனில் ஊக்கு குத்தி மாட்டியிருந்த நம்பரைப் பார்த்தார். "சும்மா ஓடுததுக்கு நம்பர்லாம் குடுக்காவளோ?"

"போட்டி அண்ணாச்சி. இருபத்தோரு கிலோமீட்டர். தென்காசில ஆரம்பிச்சு, குத்தாலம் போயி, தோப்பு வழியா சுத்தி, திரும்பத் தென்காசிலயே முடியும்."

அவர் மண்வெட்டியைத் திரும்பத் தோளில் ஏற்றினார்.

"அப்பம் அங்கனயே இருந்திருக்கலாம்லா."

இருந்திருக்கலாம்தான். ஏன் இருக்கவில்லை என்பதுதான் இந்த வாரக் கதை.

மே மாதக் கடைசியில் என் மகளுக்குக் கல்யாணம். எங்கள் வீடு தென்காசி, மாப்பிள்ளை வீடு பக்கத்தில் கடையம். சம்பந்தி அங்கே உரக்கடை வைத்திருக்கிறார். தங்கமான மனிதர். கல்யாணமும் நன்றாகவே நடந்தது. சிக்கல் மறுநாள் வந்தது, நாங்கள் போட்ட மறுவீட்டுச் சாப்பாட்டில்.

திருநெல்வேலிப் பக்கம் மறுவீடு என்றால் சொதி. தேங்காய்ப்பால் விட்டு, பாசிப்பருப்பும் காய்கறியும் போட்டு, கூடவே இஞ்சிப் பச்சடி. தாலி கட்டுவதில் தாமதம் வந்தால்கூட மன்னித்துவிடுவார்கள். சொதியில் குறை வந்தால்...? வந்தது. கடைசிப் பந்தியில் சம்பந்தியின் அண்ணன், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், இலையில் உட்காரும்போது சொதி தீர்ந்துவிட்டது. சாம்பார் ஊற்றினார்கள்.

அதோடு விட்டிருந்தால் ஒரு மன்னிப்பில் முடிந்திருக்கும். நான் சும்மா இருப்பேனா? வாராவாரம் பத்தி எழுதுகிறவன் ஆயிற்றே. "வயசான காலத்துல தேங்காப்பால் எதுக்கு அண்ணாச்சி? ஒங்க ஹார்ட்டுக்கு நாங்க எடுத்த முன்னெச்சரிக்கைன்னு வச்சுக்கிடுங்க" என்றேன்.

பந்தியில் நான்கு பேர் சிரித்தார்கள். நால்வருமே எங்கள் வீட்டு ஆட்கள்.

அன்றிலிருந்து சம்பந்தி என்னோடு பேச்சில்லை. சண்டை என்று சொல்ல முடியாது. போன் செய்தால் "கடைல ஆள் நிக்காவ" என்பார். அவ்வளவுதான். இந்த நேரம் பார்த்து ஆடி நெருங்கிவிட்டது. புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீடு அழைத்துவர வேண்டும். அதற்குப் பெண்ணைப் பெற்றவன் நேரில் போய்க் கூப்பிட வேண்டும். கூப்பிட்டு, அவர்கள் "பாப்போம்" என்று சொல்லிவிட்டால்? மகள் நடுவில் கிடந்து முழிப்பாளே.

"ஒரு எட்டு கடையத்துக்குப் போயிட்டு வாங்க" என்றாள் என் மனைவி.

"ஞாயித்துக்கெழம எனக்கு லாங் ரன் இருக்கு."

ஆம். சம்பந்தி வீட்டுக்குப் போகாமல் தப்பிக்க ஹாஃப் மாரத்தானுக்குப் பெயர் கொடுத்த ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன். இந்த ஞாயிறு பயிற்சி, அடுத்த ஞாயிறு ஓய்வு, அதற்கடுத்தது கணுக்கால் வீக்கம் என்று ஆறு வாரத்தை ஓட்டிவிட்டேன்.

"கடையமும் ஏறக்கொறைய அவ்வளவு தூரந்தான" என்றாள் அவள். "அங்கன ஓடுனா என்னவாம்?"

நான் ஷூவுக்கு லேஸ் கட்டப் போனேன்.

ஓட்டத்துக்கு வருவோம். தென்காசியிலிருந்து குற்றாலம் வரை தார் ரோடு. அதுவரை நான் ஓட்டக்காரன் மாதிரியே இருந்தேன். அதன்பிறகு மண்பாதை. சாரலில் ஊறிய செம்மண் ஷூவின் அடியில் அப்பிக்கொண்டது — ஒவ்வொரு காலும் அரைக்கிலோ கூடிவிட்டது. வேர் தடுக்கியது. ஒரு மாங்கிளை நெற்றியில் தட்டியது. கையில் விலையுயர்ந்த வாட்ச் கட்டிய இளைஞர்கள் "கமான் அங்கிள்" என்று சொல்லிக்கொண்டே என்னைக் கடந்தார்கள். மனிதனை அங்கிள் என்று கூப்பிட்டுக்கொண்டே உற்சாகப்படுத்த முடியாது என்று யாராவது அவர்களுக்குச் சொன்னால் தேவலை.

பழைய குற்றாலம் பக்கம் மறுபடி தார் ரோட்டில் ஏறினேன். பதினைந்து கிலோமீட்டர் என்று போர்டு. மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. முடித்துவிடலாம் என்று முதல்முறையாகத் தோன்றியது. அப்போதுதான் பின்னால் ஒரு ஸ்கூட்டர் ஹாரன்.

"என்ன சம்பந்தி, நடந்து வாரிய?"

அவரேதான். தலையில் எண்ணெய் மினுங்க, கழுத்தில் ஈரத்துண்டோடு. அருவியில் குளித்துவிட்டுத் தென்காசிப் பக்கம் போகிறார்.

"ஓடு...தேன்" என்றேன்.

"அப்படியா?" முகத்தில் சிரிப்பு இல்லை. "சரி, ஏறுங்க. தென்காசில விடுதேன்."

நம் ஊரில் தெரிந்தவர் வண்டியை நிறுத்தி ஏறச் சொன்னால் ஏறிவிட வேண்டும். அதுவும் சம்பந்தி. அதுவும் மனத்தாங்கலில் இருக்கும் சம்பந்தி. ஆனால் ஏறினால் போட்டி போச்சு.

"வேண்டாம்... ரூல்ஸ்..."

"ஓஹோ. எங்க வண்டில ஏறக்கூடாதுன்னு ரூல்ஸோ?"

போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு வந்தார். அந்த ஸ்கூட்டர் ஒரு வேகத்துக்குக் கீழே போனால் தள்ளாடும். அவர் விழாமல் இருக்க நான் வேகமாக ஓட வேண்டியிருந்தது. சம்பந்தி மரியாதை!

அரைக் கிலோமீட்டர் போனதும் ஆரம்பித்தார்.

"எங்கண்ணன் அன்னைக்கி ராத்திரி சாப்பிடல. தெரியுமா?"

தெரியாது என்று தலையை ஆட்டினேன்.

"முப்பது வருசம் வாத்தியாரா இருந்த மனுசன். நாலு பேருக்கு முன்ன நையாண்டி பண்ணிட்டாவளேன்னு என்ட்ட கேக்காரு. நா என்ன சொல்லட்டும்?"

என்னிடம் பதில்கள் இருந்தன. ஆறு வாரமாகத் தயாரித்தவை. சமையல்காரர் அளவு தவறிவிட்டார், நான் சொன்னது வெறும் தமாஷ், உங்கள் பக்கம் சொன்னதைவிட நாற்பது பேர் கூடுதலாக வந்தார்கள்... எல்லாம் நாக்கு நுனியில். ஆனால் மூச்சு?

"ஆமா" என்றேன்.

"எல்லாத்துக்கும் ஒரு வெளயாட்டா?"

"ஆமா."

"ஒங்க புள்ள பாவம், எங்க மொகத்தப் பாத்துப் பேசவே சங்கடப்படுதா. அத நெனச்சியளா?"

அதற்கு ஆமா என்று சொல்ல முடியவில்லை. பதினெட்டு என்று எழுதிய போர்டு தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூச்சு வாங்கியது. அந்த நிலையில் எனக்கு வாய்த்தது மூன்று வார்த்தைதான்.

"தப்பு எம்மேலதான் சம்பந்தி."

சமையல்காரரும் இல்லை, நாற்பது பேரும் இல்லை. அவற்றைச் சொல்லக் காற்று இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பேன், இன்னொரு ஆறு வாரம் ஆகியிருக்கும்.

அவர் ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போட்டார். கழுத்தில் கிடந்த ஈரத்துண்டை எடுத்துப் பிழிந்து என்னிடம் நீட்டினார். முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"அண்ணன்ட்ட ஒரு வார்த்த நேர்ல சொல்லிருங்க. போதும்" என்றார். "ஆடிக்குப் புள்ளயக் கூப்பிட எப்பம் வாரிய?"

"வெள்ளிக்கெழம."

"சாப்பிடுத மாதிரி வாங்க. இப்பம் ஏறுங்க."

இன்னும் மூன்று கிலோமீட்டர். கையில் நாற்பது நிமிடம். தவழ்ந்து போனாலும் முடித்துவிடலாம். வாசக நண்பர்களே, நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

ஏறினேன்.

என்னை முந்திய அத்தனை பேரையும் வரிசையாக முந்தினோம். "கமான் தம்பி" என்று ஒருவரிடம் சொல்லவும் செய்தேன். தென்காசியில் பலூன் கட்டிய வளைவுக்குப் பக்கத்தில் சம்பந்தி என்னை இறக்கிவிட்டார். லிஸ்ட்டோடு நின்ற பெண் என் நம்பரைப் பார்த்தாள், ஸ்கூட்டரைப் பார்த்தாள்.

"ஸாரி சார். முடிக்கலன்னுதான் போட முடியும். மெடல் கிடையாது."

நான் தலையாட்டினேன். சம்பந்தி ஆட்டவில்லை.

"அதெப்படிம்மா? பதினெட்டு வரைக்கும் ஓடுனத நா கண்ணால பாத்தேம்லா."

"அங்கிள், ஆனா வண்டில வந்தாங்களே..."

"நாந்தாம்மா ஏத்துனேன். அவுக மாட்டேன்னுதான் சொன்னாவ. தப்பு எம்மேலதான், போதுமா? மெடல எடு."

பின்னால் வரிசை சேர்ந்தது. "விடுங்க சம்பந்தி" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டார்.

"நீங்க செத்த சும்மா இருங்க. ஒங்களுக்குப் பேசத் தெரியாது."

எனக்கு மூச்சு திரும்ப வந்திருந்தது. நல்லதாக ஒரு பதிலும் வந்திருந்தது. சும்மா இருந்தேன்.