கலியபெருமாள் அண்ணன் கேட்ட தை மாதம்

"அத்தை, அப்பா தவறிட்டாங்க. வாய்க்கால்ல முழுத் தண்ணி போவுது."

அமுதா காலையில் போன் செய்து இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள். தகப்பன் இறந்த செய்தியோடு வாய்க்கால் தண்ணீரையும் சேர்த்துச் சொல்வாளா ஒரு மகள் என்று கேட்பவர்கள் அவர்கள் ஊரைப் பார்த்திருக்க மாட்டார்கள். திருப்பனந்தாளுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தத் தெருவுக்கு இடுகாடு வாய்க்காலின் அக்கரையில் இருக்கிறது. பாலம் கிடையாது. சுற்றிப் போகலாம் என்றால் எல்லாப் பக்கமும் நட்ட வயல். கோடையில் செத்தால் காலில் சேறு படாமல் போய்ச் சேரலாம். மழைக்காலத்தில் செத்தால் பாடையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்க வேண்டும். கலியபெருமாள் அண்ணன் கார்த்திகையில் போய்விட்டார். தஞ்சாவூரில் கும்பகோணம் பஸ்ஸுக்காக நின்றபோது எனக்கு அழுகை வரவில்லை. வயிற்றெரிச்சல்தான் வந்தது.

திருப்பனந்தாளில் எங்கள் வங்கிக் கிளையில் கணக்கு வைத்திருந்தவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. வாசலில் ஸ்டூல் போட்டு, முழங்கால்களுக்கு நடுவே இரட்டைக்குழல் துப்பாக்கியை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அந்த முன்னாள் ஹவில்தார். நான் அங்கே காசாளராக இருந்தேன். அவருக்கு நான் கடைசிவரை 'கேஷியரம்மா'. மீசையைப் பார்த்து முதல் தடவை பயந்த பெண்கள், அடுத்த தடவை வரும்போது கைக்குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு வரிசையில் நிற்பார்கள். ஒரு கையில் துப்பாக்கி, மறு கையில் யார் வீட்டுக் குழந்தையோ. புதிதாக வந்த மேலாளர் ஒருவர் இதைக் கண்டித்தார். "புள்ளைய வச்சிருக்கவன்கிட்ட எந்தத் திருடனும் வம்புக்கு வரமாட்டான் சார்" என்று சொல்லிவிட்டு, அழுத குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தார். மேலாளர் அதற்கப்புறம் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

ராணுவத்தில் எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று நாங்கள் கிண்டல் செய்வதுண்டு. அவர் ஒருவரையும் சுட்டதில்லை. வடக்கே எங்கெங்கோ ஆறுகளின் மேல் பாலம் போட்ட பிரிவில் இருந்தவர். "நம்ம வேலை ஆத்துக்கு அந்தாண்ட ஆளைக் கொண்டுபோய்ச் சேக்கறதுங்க. அதுக்கு மேல சண்டை அவங்க பாடு" என்பார். அதில் அவருக்குக் கொஞ்சம்கூட வெட்கம் கிடையாது, பெருமைதான்.

வீட்டில் அவர் பார்த்த உத்தியோகம் மகளுக்குத் தலை பின்னுவது. மனைவி சரோஜா அக்கா விடிவதற்குள் நடவுக்கோ களையெடுப்புக்கோ போய்விடுவார். அமுதாவைக் குளிக்க வைத்து, சோறு ஊட்டி, இரட்டைச் சடை போட்டுப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் அண்ணன் வங்கிக்கு வருவார். காலையில் பின்னிய சடையில் சாயந்திரம்வரை ஒரு முடி கலைந்திருக்காது. பள்ளி விட்டு வந்ததும் அந்தப் பெண் என் கவுண்டர் முன்னால் வந்து நின்று, "கண்ணைச் சிமிட்ட முடியலங்கத்தை, கொஞ்சம் அவுத்து விடுங்க" என்று கெஞ்சும். நான் அவிழ்த்துவிட்டால் அண்ணன் வாசலிலிருந்து முறைப்பார். "முடிச்சுன்னா முடிச்சா இருக்கணுங்க கேஷியரம்மா. பாதி வழியில அவுந்தா யாரு பதில் சொல்றது?" நர்சிங் படிக்க அவள் தஞ்சாவூருக்குக் கிளம்பிய அன்றுகூட அவர்தான் பின்னிவிட்டார். அன்று அவள் அவிழ்க்கச் சொல்லவில்லை.

நாங்கள் இருவரும் ஓய்வு பெற்ற பிறகு ஓர் ஐப்பசியில் சரோஜா அக்கா மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். விடாத மழை. நான் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். அண்ணன் ஈர வேட்டியோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். நடு வாய்க்காலில் தூக்கியவர் ஒருவருக்குச் சேற்றில் கால் வழுக்கி, பாடை ஒரு பக்கம் சாய்ந்து, அக்கா இடுப்புவரை தண்ணீருக்குள் போய் வந்திருக்கிறார். மாலையெல்லாம் தண்ணீரோடு போய்விட்டது. அண்ணன் என்னை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்: "ஊரான் ஆத்துலல்லாம் பாலம் போட்டேங்க. கட்டினவளைச் சேத்துல எறக்கிட்டேன்." நான் என்னென்னவோ ஆறுதல் சொன்னேன். எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

அதிலிருந்துதான் அந்த மூங்கில் பாலம். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் மூங்கில் வெட்டிவந்து, குறுக்கே தென்னை மரம் போட்டு, நைலான் கயிற்றால் கட்டுவார். பாடையோடு நாலு பேர் நடக்கத் தாங்கும். தை மாசிக்குள் பாதி இற்றுப்போகும், மறுபடி கட்டுவார். தெருவில் இளவட்டங்கள் யாரும் இல்லை. படித்துவிட்டார்கள். சென்னையிலும் திருப்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். மிச்சம் இருந்த தன் வயது ஆட்களைச் சேர்த்துக்கொண்டு அவரே கட்டினார். அந்த வருஷங்களில் அந்தத் தெருவில் மழைக்காலத்தில் இறந்தவர்கள் யாரும் நனையவில்லை. இன்னொரு பக்கம், திங்கட்கிழமைகளில் இஸ்திரி போட்ட சட்டையோடு தஞ்சாவூருக்கு வந்து கலெக்டர் ஆபீஸில் கான்கிரீட் பாலம் கேட்டு மனுக் கொடுப்பார். கொடுத்த கையோடு என் வீட்டுக்கு வந்து காபி குடிப்பார். "என்ன சொன்னாங்க?" என்று கேட்டால், "மரியாதையாப் பேசினாங்க" என்பார். அவருக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன கோடையில் பாலத்துக்கு உத்தரவு வந்துவிட்டது. அசோகா அல்வாவோடு வந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒப்பந்தக்காரர் வந்து அளந்த மறுநாளே மூங்கில் பாலத்தைத் தன் கையாலேயே பிரித்துப் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

"புதுசு வரட்டுமேண்ணே. அப்பறம் பிரிச்சா என்ன?" என்று கேட்டேன்.

"ஆர்டர் ஆயிடுச்சுங்க. நடுவுல இது கெடந்தா அவங்க எப்படி வேலை பாக்கறது?"

உத்தரவு என்று ஒன்று வந்துவிட்டால் வேலை நடந்தே தீரும் என்று நம்புவதற்கு ஒருவர் வாழ்நாளில் பாதியைப் பட்டாளத்தில் கழித்திருக்க வேண்டும். நம் ஊரிலேயே இருந்த யாருக்கும் அந்தப் புத்தி வராது. கரைக்கு ஒன்றாக இரண்டு தூண்கள் எழும்பின. அதற்குள் மேட்டூர் அணை திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. வேலை நின்றது. தையில் தண்ணீரை அடைத்ததும் வருகிறோம் என்று சொல்லிவிட்டு, மிக்சர் மிஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆவணியில் மறுபடி மூங்கில் வெட்டப் போனவர் கொல்லையிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். இதயம் பலவீனமாகிவிட்டது என்றார்கள். அமுதா தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்துப் பார்த்தாள். நான் போனபோது கால் வீங்கி, தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டியது. "சாவறதுக்குப் பயம் இல்லீங்க கேஷியரம்மா. தை வரைக்கும் இழுத்துப் புடிக்கணும். தண்ணி அடைச்சிட்டாப் போதும், அப்பறம் எப்ப வேணா போவலாம்." டாக்டரிடமும் இதையே சொல்லியிருக்கிறார். பேரனைப் பார்க்க வேண்டும், வீடு கட்ட வேண்டும் என்று ஆயுளை நீட்டிக் கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். வாய்க்கால் வற்றுவதற்காக உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்த ஒருவரை அங்கேதான் பார்த்தேன். வீட்டுக்கு அழைத்துவந்த பிறகும் அமுதா வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தாள், உப்பைக் குறைத்தாள், குடிக்கிற தண்ணீரைக்கூட அளந்து கொடுத்தாள். ஒரு மகள் செய்யக் கூடியது எல்லாவற்றையும் செய்தாள். நடக்கவில்லை.

நான் போய் இறங்கியபோது மழை விட்டிருந்தது. கும்பகோணத்துக்குக் கொண்டுபோய் எரித்துவிடலாம் என்று யாரோ பேச்செடுத்தார்கள். "அம்மா பக்கத்துலதான் வைக்கணும்னு அப்பா சொல்லிட்டாங்க" என்றாள் அமுதா. முன்னாள் ராணுவத்தினர் சிலர் வந்து அவர்மேல் தேசியக்கொடி போர்த்தி, விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்கள். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவதுதான் அங்கே வழக்கம். அமுதா நிற்கவில்லை. நானும் அவள் பின்னால் கரைவரை போனேன்.

கரையில் பாடையை இறக்கினார்கள். வந்திருந்த ராணுவத்தினரில் மூத்தவர், "கொடி தண்ணியில படக்கூடாதும்மா" என்று தயங்கிச் சொல்லிவிட்டு, அதை எடுத்து ஒழுங்காக மடித்து அமுதாவின் கையில் கொடுத்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. கொடி போனதும் பழைய கோடு போட்ட போர்வையோடு அண்ணன் கிடந்தார். தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். இடுப்பளவு, மார்பளவு. கம்பிகள் துருத்திக்கொண்டு நின்ற இரண்டு தூண்களுக்கும் நடுவில் போனபோது, கைகளை எவ்வளவு உயர்த்தியும் போதவில்லை. தண்ணீர் பாடையின் மேல் ஏறிப் போர்வையை இழுத்தது.

அமுதா கொடியை என் கையில் திணித்துவிட்டு, புடவையோடு இறங்கிப் போனாள். "தலையை நான் புடிச்சிக்கிறேன். நீங்க பாத்து நடங்க" என்று அவள் சொன்னது கரைக்குக் கேட்டது. வார்டில் பேசுகிற அதே குரல். இரண்டு கைகளையும் அப்பாவின் பிடரிக்குக் கீழே கொடுத்து, முகம் மட்டும் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி தாங்கிக்கொண்டே அக்கரைவரை போய்ச் சேர்த்தாள்.

திரும்பி வந்தவர்கள் கழுத்துவரை நனைந்திருந்தார்கள். கரையில் ஒருவர் நல்ல மனதோடுதான் சொன்னார், தையில் எப்படியும் வேலையை முடித்துவிடுவார்கள் என்று. முடிக்கலாம். அந்தப் பாலத்தில் நான் கால் வைக்கப் போவதில்லை.

அமுதா நடுங்கிக்கொண்டு மேலே ஏறி வந்தாள். நான் கொடியை நீட்டினேன். அவள் அதை வாங்கவில்லை.

"நீங்களே வச்சிக்குங்கத்தை. அவங்களைத் தண்ணியில விட்டுட்டு இதைக் காப்பாத்தி வச்சு நான் என்ன பண்றது?"

அது இப்போது என் வீட்டு பீரோவில், புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. அண்ணனிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அதுதான். மடித்த மடிப்புக் கலையவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அதன்மேல் படவில்லை.