மே மாதத்தில் சோதித்த சக்கரம்

புனேயில், கராடியில் இருக்கும் எங்கள் வீட்டில் என் மகள் நாற்காலியின் பழைய சக்கரத்தைக் கழற்றிக் கையில் கொடுத்தாள். குப்பென்று ரப்பர் வாசனை. "அம்மா, புதுசு ரப்பரா, பி.யு.வா? எது நல்லது?" என்று போனை நீட்டினாள். நல்ல ஆளைப் பார்த்துத்தான் கேட்டாள், போங்கள். இதே கேள்விக்கு ஒருமுறை பதில் எழுதி, ஒரு மனுஷர் காலை உடைத்தவள் நான்.

பிம்ப்ரியில் ஒரு சின்ன தக்காளி சாஸ் கம்பெனி. பர்ச்சேஸில் எனக்கு முதல் வேலை. தலைமுடியெல்லாம் வினிகர் வாடை. பஸ்ஸில் எல்லாரும் எனக்கு மரியாதையாக இடம் விடுகிறார்கள் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அங்கே டிரம் வண்டி தள்ளியவர் துரை அண்ணன். ஏரவாடாக்காரர், காண்ட்ராக்ட் ஆள். வண்டிக்கு ரப்பர் சக்கரம், தரை முழுக்கக் கறுப்புக் கோடு. வெளிநாட்டுக்காரர்கள் பார்வையிட வருகிறார்கள், ஒரு கோடு இருக்கக் கூடாது என்று மேனேஜர் குதித்தார். பி.யு. என்கிற பாலியூரித்தேன் சக்கரம் கோடு போடாது, கனமும் தாங்கும். மே மாதத்தில் ஒரு வாரம் மாட்டிப் பார்த்தோம். ஒரு விரலால் தள்ளினாலே ஓடியது.

துரை அண்ணன் மட்டும் பின்பக்கம் கூரையில்லாத சிமெண்ட் சரிவைக் காட்டினார். "இங்க ரப்பர்னா கவ்விப் பிடிக்கும்மா. இது வழுக்கும்போல. பாரிஷ் வரட்டும், அப்புறம் எழுதிக்கோ." மழை என்ற சொல் அவர் வாயில் வராது, இந்தியில் பாரிஷ்தான். நான் சிரித்துவிட்டேன். மழைக்கு இன்னும் ஒரு மாசம் இருந்தது. படிவத்தில் 'தள்ளுபவர் கருத்து' என்று ஒரு கட்டம். அதில் 'திருப்தி' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். என் அவசரம் எனக்கு.

ஜூனில் முதல் மழையன்று நிறை டிரம்மோடு வண்டி சரிவில் வழுக்கியது. அண்ணன் குறுக்கே நின்று தடுக்கப் பார்த்திருக்கிறார். கணுக்கால் நொறுங்கிவிட்டது.

விசாரணையில் மேனேஜர் என் படிவத்தை எடுத்துப் போட்டார். துரையே திருப்தி என்றிருக்கிறார், அப்புறம் என்ன, கவனக்குறைவுதான் என்றார். கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்த அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. வேலை போய்விடுமோ என்று பயம். போனது அவர் வேலை.

ஒருமுறை அவர் வீட்டுக்குப் போனேன். "விடும்மா, நீ சின்னப் பொண்ணு" என்று சொல்லி, மனைவியை டீ போடச் சொன்னார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அடுத்த முறை அங்கே வேறு குடும்பம். எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

"சொல்லும்மா, எது?" என்றாள் மகள்.

"தரை நனையுமா?"

"வீட்டுக்குள்ள எப்படிம்மா நனையும்?"

கம்பெனி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. சரிவும் இல்லை, கறுப்புக் கோடும் இல்லை. அந்தப் படிவம் எங்காவது மிஞ்சியிருந்தால்கூட, அதில் துரை அண்ணன் சொன்னது ஒரு எழுத்தும் இருக்காது. என் கையெழுத்தில் அவருடைய திருப்தி மட்டும் இருக்கும்.