நரி இருக்கானு கேளு

மாமனாரும் என் கணவரும் பேசிக்கொள்ளாமல் எட்டு மாதம் ஆகியிருந்தது. மாடி அறையை ஆசிரமத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாமா கூடாதா என்று ஆரம்பித்த சண்டை. அறை பூட்டியே கிடந்தது. இருவருக்கும் நடுவில் நான்தான் தபால்காரி. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் நாள் முழுக்க மனுக்களுக்குப் பதில் சொல்லிவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து இறங்கினால், "அவன் சாப்ட்டானானு கேளும்மா" என்பார் ஒருவர். "மோட்டார் போட்டாரானு கேளு" என்பார் இன்னொருவர். இரண்டு பேரும் ஒரே கூடத்தில்தான் இருப்பார்கள். எனக்கு அலுத்துப் போய்விட்டது.

ஆறாவது படிக்கும் மகளுக்கு லீவு. அவளுக்காக என்று சொல்லிக்கொண்டு ஒரு சீட்டாட்டம் செய்தேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, வெள்ளைத்தாள் ஒட்டி, ஒரு கதைக்கு நாலு சீட்டாக வரைந்தேன். காக்கா, வடை, நரி, மரம் ஒரு கதை. குரங்கு, முதலை, ஆறு, நாவற்பழம் இன்னொன்று. என் நரி தெருநாய் மாதிரி இருந்தது. திருத்தத் தெம்பில்லை. பின்பக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே படம் வேண்டுமே என்று, ஜன்னலில் தெரிந்த மலையை ஒருமுறை வரைந்து, ஜெராக்ஸ் எடுத்து ஒட்டினேன்.

ஒரு கதையின் நாலு சீட்டையும் சேர்ப்பதுதான் ஆட்டம். அதற்கு ஒரு விதி வைத்தேன். வேண்டிய சீட்டு யாரிடம் இருக்கும் என்று நினைக்கிறோமோ, அவரை முகம் பார்த்துக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். என் கெட்டிக்காரத்தனம் முழுவதும் அதில்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து நாலு பேரும் தரையில் உட்கார்ந்தோம். மாமனார் என் பக்கம் திரும்பி, "அவங்கிட்ட நரி இருக்கானு கேளும்மா" என்றார். அது செல்லாது என்றாள் மகள். சரி, வேண்டாம் என்று விட்டுவிட்டார். கணவரும் அப்பாவிடம் கேட்க வேண்டிய முதலையை அப்படியே விட்டார். பேசுவதைவிடத் தோற்பது இருவருக்கும் சுலபமாக இருந்தது. எழுந்து போய்ப் படுத்துவிடலாமா என்று பார்த்தேன்.

மாமனார் முட்டி வலிக்கிறது என்று காலை நீட்டினார். நடுவில் கவிழ்த்து வைத்திருந்த சீட்டுகள்மேல் குதிகால் பட்டது.

"அப்பா, கால எடுங்க. மலை மேல படுது."

சொன்னது கணவர். மாமனார் பதறிக் காலை மடக்கி, சீட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மலைதான் இங்கே சாமி. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு வரையும்போது அது உறைக்கவில்லை.

"எவன்டா இதுல மலையப் போட்டது?"

"உங்க மருமவதான்."

அப்புறம் இருவரும் ஓயவில்லை. இவ்வளவு படித்தும் இது தெரியவில்லையே என்றார் அப்பா. அவளுக்கு எதிலும் அவசரம் ஜாஸ்தி, யோசனை கம்மி என்றார் பிள்ளை. எட்டு மாதப் பேச்சையும் சேர்த்துப் பேசினார்கள். சீட்டுகள் சாமி அலமாரிக்குப் போயின. எதற்காக இந்தப் பாடு பட்டேனோ அது நடந்துவிட்டது. ஆனாலும் எனக்குக் கோபமாக வந்தது, கொஞ்சம் அழுகையும் வந்தது.

கடைசியில் மாமனார் மகனைப் பார்த்துச் சொன்னார்: "உம் பொண்டாட்டிகிட்ட சொல்லு, பின்னால வேற எதனா வரையட்டும்."

நான் அவருக்கு ஒரு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன்.