பிரேக்கில் வந்த சாமி

என் புருஷன் எஸ்டேட் லோரி ஓட்டுகிறவர். கொழுந்து மூட்டைகளோடு மழையில் இறக்கம் இறங்கி, ஒரு கீறல் இல்லாமல் ஃபேக்டரிக்கு வந்து சேருகிறவர். அப்பேர்ப்பட்டவர் நான் வாங்கிய பழைய காரை ஓட்டிப் பார்க்கிறேன் என்று கொண்டுபோய், பட்டப்பகலில் தேயிலைச் செடிக்குள் விட்டார்.

காருக்கு ஒன்றும் ஆகவில்லை. பம்பரில் நாலு இலை ஒட்டியிருந்தது. ஆனால் மனுஷன் முகம் வெளுத்திருந்தது. நாய் குறுக்கே வந்ததாம். அழுத்தி மிதித்தாராம். பிரேக் அவர் காலைத் திருப்பி உதைத்ததாம்.

"கரகரன்னு சத்தம் வேற. உள்ள என்னமோ இருக்கு," என்றார்.

காரை எனக்கு விற்றவரிடம் போனில் கேட்டேன். "ஏபிஎஸ்லா அக்கா. சக்கரம் வழுக்காம அதுவே விட்டு விட்டுப் புடிக்கும். காலுக்குக் கீழ தடதடன்னு இருந்தா நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம். காலை மட்டும் எடுத்துடாதீங்க," என்றார். எடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "செடிக்குள்ள போவீங்க," என்றார்.

என் புருஷன் எடுத்திருக்கிறார். பழைய லோரியில் மிதித்து விட்டு, மிதித்து விட்டு ஓட்டிப் பழகிய கால் அது. இதை எங்கள் லைன் வீடுகளில் சொன்னால் யார் கேட்கிறார்கள்? சாமி வந்தால் முதலில் கால்தான் நடுங்கும் என்று பக்கத்து வீட்டில் ஆரம்பித்தார்கள். சாயங்காலம் பூசாரி விபூதித் தட்டோடு வந்துவிட்டார்.

யார்மேலாவது சாமி வந்தால் எங்கள் பூசாரி தலைமுடியைப் பிடித்து, "யாரு நீ? என்ன வேணும்?" என்று கேட்பார். பதில் வாங்காமல் விடமாட்டார். காருக்குத் தலைமுடி இல்லை. அதோடு அழுத்தி மிதித்தால்தான் அது வாயையே திறக்கும். அதனால் என் புருஷன் ஓட்ட, பூசாரி பின் சீட்டில் உட்கார்ந்து, ஃபேக்டரி இறக்கத்தில் விசாரணை நடந்தது. கரகர என்று சத்தம் வரும். "யாரு நீ?" என்பார் பூசாரி. என் புருஷன் பயந்து காலை எடுப்பார், சாமி பாதிப் பேச்சில் போய்விடும். மறுபடி மேலே ஏறி வருவார்கள். எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வெளியே வந்து பார்த்தார். விரட்டுவார் என்று நினைத்தேன். தன் டிரான்ஸ்ஃபரைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கோபக்கார சாமி, காரை விற்றுவிடுங்கள் என்று பூசாரி தீர்ப்புச் சொன்னார். என் புருஷன் தலையாட்டினார்.

நான் தலையாட்டவில்லை. தானா ராத்தா டவுனில் ஒரு ஹோட்டலில் எனக்குத் துணி வெளுக்கும் வேலை கிடைத்திருந்தது. விடியற்காலை வேலை, அந்த நேரத்துக்கு இங்கிருந்து பஸ் கிடையாது. கார் போனால் வேலையும் போச்சு. "ஒரே ஒரு தடவை நான் ஓட்டுறேன். நீங்க கேளுங்க," என்றேன். இரண்டு பேரும் ஏறினார்கள்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. எஸ்டேட் கேட்டைத் தாண்டி முதல் வளைவில், கம்போங் ராஜா பக்கத்திலிருந்து வந்த முட்டைக்கோஸ் லோரி ஒன்று நடு ரோட்டை அடைத்துக்கொண்டு எதிரே வந்தது. மிதித்தேன். தகரக் கூரையைத் தரையில் இழுப்பது போலச் சத்தம். பிரேக் என் பாதத்தைக் குத்திக் குத்தித் தள்ளியது.

"காலை எடு, காலை எடு," என்று கத்தினார் என் புருஷன்.

"யாரு நீ? என்ன வேணும்?" என்று பின்னாலிருந்து கேட்டார் பூசாரி. கடமை தவறாதவர்.

நான் எடுக்கவில்லை. அழுத்தியபடியே ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினேன். கார் சொன்ன பேச்சைக் கேட்டு ஓரமாகப் போய் நின்றது. லோரி ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போனது.

"இந்த வாட்டி முழுசா சொல்லிருச்சு," என்றார் பூசாரி. என் புருஷன் இன்னும் பிரேக்கை விடாமல் இருந்த என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமி இல்லண்ணே," என்றார், பூசாரிப் பக்கம் திரும்பாமலே. "அன்னிக்கு நான்தான் காலை எடுத்துட்டேன்."

சண்டை போடுவதற்கு நான் சேர்த்து வைத்திருந்த பேச்சு அத்தனையும் வீணாய்ப் போச்சு. லைன் முழுக்க நாளைக்குச் சிரிக்கும் என்று தெரிந்தே சொல்கிறார். எனக்கு அழுகை வந்தது. லோரியைப் பார்த்து பயந்துவிட்டேன் என்று நினைத்து, அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். நினைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.