எல்லையம்மனுக்கு நேர்ந்த சேவல்

அந்த ஐப்பசி முழுவதும் ஒதியம்பட்டில் மழைதான் பெய்தது என்று என் மனம் சாதிக்கிறது. வெயில் அடித்த நாளும் இருந்திருக்கும், எனக்குத்தான் ஞாபகமில்லை. ஈர வைக்கோல் வாசனையும் தம்பியின் காய்ச்சல் முனகலும் ஒன்றாகக் கலந்து, கனவில் கண்டதுபோல் மிதக்கின்றன.

தம்பி பிழைத்தான். அப்புறம்தான் வீட்டில் வினை. காய்ச்சல் உச்சத்தில் இருந்தபோது அம்மா, ஏரிக்கரை எல்லையம்மனுக்குச் சிவப்புச் சேவல் அறுப்பதாக நேர்ந்துகொண்டிருந்தாள். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் பெற்றவள் அவள். அப்பாவோ எங்கள் மாதா கோவில் உபதேசியார்.

“சேசுநாதரு சிந்துன ரத்தமே எல்லாருக்கும் போதும்னு ஊருக்குச் சொல்றவன் நானு. எம் பொண்டாட்டியே சேவல் அறுத்தா எவன்டி என்னை மதிப்பான்?”

“குடுக்கலன்னா அவ புள்ளயத் திருப்பிக் கேப்பாளே, நான் இன்னா பண்ணுவேன்?” என்று அம்மா அழுதாள்.

வழக்கு பங்குச் சாமியாரிடம் போனது. வெள்ளைக்காரக் கிழவர், ஆப்பிரிக்காவில் பல வருஷம் இருந்துவிட்டு எங்கள் ஊருக்கு வந்தவர். திட்டுவார் என்று நினைத்தோம். அவர் தம் புத்தகத் தமிழில் மெதுவாகச் சொன்னார்: “அங்கேயும் முன்னோருக்குச் சேவல் கொடுப்பார்கள். ஒரு தாய் இப்படித்தான் வந்து அழுதாள். விரட்டிவிட்டேன். அவள் மறுபடி வரவேயில்லை.” பிறகு அம்மாவிடம் கை நீட்டினார். “சேவலை என்னிடம் கொடு. கோபம் வந்தால் என்மேல் வரட்டும் என்று உன் அம்மனிடம் சொல்லிவிடு.”

கிழவருக்குக் கோழிக்குழம்பு ஆசை என்றே நான் முடிவுகட்டினேன். ஆனால் சேவல் கோவில் வளாகத்தில் ராஜாவாகத் திரிந்தது. பூசையில் மணி அடித்தால் அதுவும் கூவும்.

மார்கழிப் பனியில் சாமியாருக்குக் காய்ச்சல் கண்டது. கண்ணே திறக்கவில்லை. “நம்ம கடன் அவரு தலையில வுழுந்துட்டுதே” என்று அம்மா மாரில் அடித்துக்கொண்டாள். மறுநாள் காலை அந்தச் சேவலைத் துண்டில் சுற்றிக்கொண்டு அப்பாவே முன்னால் நடந்தார், நாங்கள் பின்னால். பனியில் ஏரியும் தெரியவில்லை, கரையும் தெரியவில்லை. கத்தி இறங்கியபோது அப்பா எல்லையம்மனுக்கு எதிரே நின்று சிலுவை போட்டுக்கொண்டார்.

சாமியார் எழுந்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா மண்டியிட்டு, அவர் காதில் தம் பாவங்களைச் சொல்லி நெடுநேரம் பாவசங்கீர்த்தனம் செய்தார். முடிந்து வெளியே வந்த சாமியாரின் தாடியெல்லாம் கண்ணீர். சேவல் போன துக்கம்தான் என்று எனக்குப் பட்டது. பாவமாக இருந்தது. ஓடிப்போய் அவர் அங்கியைப் பிடித்துக்கொண்டு, “அழாதீங்க சாமி, எங்க வூட்டுல குஞ்சு பொரிச்சிருக்கு, ஒண்ணு தர்றேன்” என்றேன்.