பரீட்சைக்கு வைத்திருந்த இதயம்

கல்லூரியில் எனக்குச் சால்வை போர்த்தும்போதெல்லாம் யாராவது ஒருவர், "அம்பத்தூரில் சாதாரணக் குடும்ப டாக்டராக இருந்து இந்த உயரத்துக்கு வந்தவர்" என்று மைக்கில் முழங்குவார். உயரமாம். எந்த உயரம் என்று கேட்க வாய் துறுதுறுக்கும். ஆனால் சால்வையை வாங்கிக்கொண்டு இளித்தபடி உட்கார்ந்திருப்பேன்.

அறுபதுகளின் கடைசியில் நகரத்து மருத்துவக் கல்லூரி ஒன்றில் தற்காலிக உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தேன். காலையில் வார்டு, சாயங்காலம் அம்பத்தூர் ஸ்டேஷன் பக்கம் என் கிளினிக். வேலை நிரந்தரமாக வேண்டுமானால் சீஃப் ஒரு வரி எழுதித் தர வேண்டும். சீஃப் என்றால் எங்கள் துறைத் தலைவர். அவர் வார்டுக்குள் நுழைந்தால் பின்னால் இருபது பேர் போவோம். கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளைக்குக்கூட அத்தனை மரியாதை கிடையாது. நோயாளியின் பெயர் அவருக்குத் தெரியாது. "பன்னிரண்டாம் பெட் கல்லீரல்", "எட்டாம் பெட் மர்மர்", அவ்வளவுதான். மர்மர் என்பது கோளாறான இதயத்தில் கேட்கும் இரைச்சல். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரே வருஷத்தில் நானும் அப்படித்தான் பேசினேன்.

அந்த எட்டாம் பெட்டை அனுப்பியதே நான்தான். அயனம்பாக்கத்துப் பெண், முப்பது வயதிருக்கும். நாற்று நட்டுக்கொண்டிருந்தவள், அம்பத்தூரில் தொழிற்பேட்டை எஸ்டேட் வந்தபிறகு அங்கே ஒரு பட்டறையில் திருகாணி பொறுக்கிப் பெட்டியில் அடுக்கும் வேலைக்குப் போனாள். நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது. கிளினிக்கில் அவள் நெஞ்சில் குழாயை வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருந்தது. ஆபரேஷன் செய்து திறந்துவிட்டால் பிழைத்துக்கொள்வாள். கல்லூரி ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அறுவை டாக்டர் பார்த்துவிட்டு அடுத்த செவ்வாய்க்கிழமைக்கு நாள் கொடுத்தார்.

சீஃப் முகம் சுண்டிப்போயிற்று. மூன்று வாரத்தில் இறுதியாண்டுப் பரீட்சை. பரீட்சையில் காட்ட நல்ல நோயாளிகளாகப் பொறுக்கி வைத்துக்கொள்வது அங்கே வழக்கம்.

"வால்வைத் திறந்துட்டா மர்மர் போயிடும். இவ்வளவு அழகான மர்மர் எனக்கு வேற எங்க கிடைக்கும்? பரீட்சை முடியட்டும். உங்க பேஷண்ட்தானே, நீங்களே சொல்லிடுங்க," என்றார். அதே மூச்சில், "உங்க பர்மனென்ட் பேப்பர் என் மேஜைலதான் இருக்கு," என்றார்.

அழகான மர்மராம். மல்லிகைப் பந்து என்று நினைத்தார் போலிருக்கிறது. இப்போது கிண்டலடிக்கிறேன்; அன்றைக்கு "எஸ் சார்" என்றேன். போய் அவளிடம், "உடம்பு கொஞ்சம் தேறட்டும், மூணு வாரம் கழிச்சு செய்யலாம்," என்று புளுகினேன்.

"நீ இருன்னா இருந்துக்கிறேன் சார்," என்றாள்.

அந்த மூன்று வாரமும் விடிந்ததிலிருந்து மாணவர்கள் வரிசையில் நின்று அவள் நெஞ்சில் குழாயை வைத்தார்கள். அவளுக்கே பாடம் மனப்பாடமாகிவிட்டது. எவனாவது தடுமாறினால், "இன்னாப்பா, அங்க வெச்சா கேக்காது. நான் ஒருக்களிச்சுக்கிறேன், கீய வெச்சுப் பாரு," என்று இடப்பக்கம் திரும்பிப் படுப்பாள். எங்கள் பேராசிரியர்களில் பாதிப் பேரைவிட நன்றாகவே சொல்லிக்கொடுத்தாள்.

பரீட்சைக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் சொக்கிப்போனார். "அருமையான கேஸ் சார்" என்று அவர் கைகுலுக்க, தன் மகள் கச்சேரியைப் பாராட்டியதுபோல சீஃப் நெளிந்தார். படுத்திருந்தவளிடம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலை காபி டம்ளர் அவள் வலது கையிலிருந்து நழுவியது. சுருங்கிய வால்வால் இதயத்தில் தேங்கிய இரத்தம் கட்டியாகி, மூளைக்குப் போய் அடைத்துவிட்டது. வலது பக்கம் முழுதும் விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. பிறகு சாவகாசமாக வால்வையும் திறந்தார்கள். மூச்சு சரியாயிற்று, கை வரவில்லை. திருகாணி பொறுக்குகிற கை. அந்தச் செவ்வாய்க்கிழமையே திறந்திருந்தால் அவளுக்கு இது வந்திருக்காது என்றுதான் நான் நம்புகிறேன். எந்த மேடையிலும் இதைச் சொன்னதில்லை. என் பேப்பரில் சீஃப் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வருஷம் பரீட்சை நெருங்கியபோது அவரே கூப்பிட்டார். "அந்தப் பொண்ணை மறுபடி கூட்டிட்டு வாங்க. இந்தத் தடவை பக்கவாதக் கேஸ் குறைச்சலா இருக்கு." துளிக்கூடக் கூச்சமில்லாமல் சொன்னார். எனக்கும் கூச்சமில்லை போலிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அயனம்பாக்கத்துக்கு பஸ் ஏறினேன்.

வீட்டு வாசலில் இடது கையால் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பேச்சு மெள்ள மெள்ளத் திரும்பியிருந்தது. என்னைப் பார்த்ததும் கோணிய வாயோடு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபின் வந்த விஷயத்தைச் சொல்ல முடியவில்லை. "அன்னிக்கு உன்கிட்ட பொய் சொன்னேம்மா. பரீட்சைக்காகத்தான் ஆபரேஷனைத் தள்ளிவெச்சோம்," என்று உளறினேன்.

"அது தெரியும் சார். அந்தப் பசங்கோ அப்பவே சொல்ட்டாங்கோ. நான் ஆபரேசனுக்குப் போய்ட்டா உன் வேல போயிடும்னாங்கோ. அதான் கம்முனு படுத்துக்கினு இருந்தேன்," என்றாள்.

என் வேலை போகவில்லை. சில வருஷத்தில் நானே சீஃப் ஆனேன்.