முதுகைப் பார்த்தவர்

எட்டாம் வகுப்பில் சுவரில் வரைபடத்தை மாட்டிக்கொண்டிருந்தபோது பியூன் வந்து, "ஹெச்.எம். கூப்பிட்றாங்க டீச்சர், விழுப்புரத்துலேர்ந்து போன்" என்றார். வரைபடத்தின் ஒரு முனை ஆணியில் தொங்க, மறுமுனையை அப்படியே விட்டுவிட்டு நடந்தேன். அமலோற்பவம் டீச்சர் காலை எட்டரை மணிக்கு இறந்துவிட்டார் என்று தலைமையாசிரியை சொன்னார். எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, பயம். முந்தைய நாள் மாலை அவருக்கு உடம்பு துடைத்துவிட்டு, இடப்பக்கமாகப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு வந்தவள் நான். புரட்டியதில் ஏதாவது ஆகியிருக்குமோ? துணியை நன்றாகப் பிழிந்தேனா? திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில் வழி முழுக்க என் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன்.

இந்தப் பள்ளி மலரைப் படிக்கிறவர்களுக்கு அமலா டீச்சரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கரும்பலகையில் காம்பஸ் இல்லாமல் ஒரே சுழற்றலில் வட்டம் போடுகிற கணக்கு டீச்சர். ஊர் திரும்பும் பாசஞ்சர் வண்டியில் பேரணி ஸ்டேஷன் வருவதற்குள் ஒரு பொட்டலம் மல்லாட்டையைத் தீர்த்துவிட்டு, கடலைத் தொலியை ஒன்று விடாமல் தாளில் மடித்து எடுத்துக்கொண்டு இறங்குகிறவர். தப்பான விடைக்குத் திட்டமாட்டார். வழி எழுதாமல் விடை மட்டும் எழுதினால்தான் திட்டுவார். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாத இரண்டு மாதங்கள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

எண்பத்து நாலாம் வருஷ ஐப்பசி மழையில், விழுப்புரம் ஸ்டேஷன் மேம்பாலப் படியில் நான் வழுக்கி விழுந்தேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, இடுப்புக்குச் சற்று மேலே முதுகெலும்பில் விரிசல் என்றார் டாக்டர். இரண்டு மாதம் பலகையில் மல்லாந்து படுக்க வேண்டும், உட்காரக்கூடாது, முறுக்கக்கூடாது, அஜாக்கிரதையாக இருந்தால் கால் வராமல் போகலாம் என்றார். இரண்டு பேர் சேர்ந்து உடம்பை ஒரே கட்டையாகப் புரட்டலாம், புரட்டத்தான் வேண்டும் என்றும் சொன்னார். "கால் வராமல் போகலாம்" என்ற இடத்திலேயே எங்கள் காது அடைத்துவிட்டது. வீட்டில் பதினோரு நாள் என்னை யாரும் அசைக்கவில்லை. நானும் அசையவிடவில்லை. கணவர் தலையணையைச் சரிசெய்ய வந்தால்கூட, "வேணாம், வேணாம்" என்று கத்துவேன். ராத்திரியும் பகலும் என் கால் கட்டைவிரலை ஆட்டிப் பார்ப்பதே என் வேலை. ஆடியது என்றால் அடுத்த நிமிஷம் ஆடுமோ என்று பயம்.

பன்னிரண்டாம் நாள் மாலை அமலா டீச்சர் ஸ்டேஷனிலிருந்து நேரே வந்தார். கையில் ஆரஞ்சுப் பழங்கள். என் அறை வாசலில் ஒரு நொடி நின்றார். என் ஒன்பது வயது மகள் அந்த வாசலைத் தாண்டி உள்ளே வருவதை நான்கு நாளாக நிறுத்தியிருந்தாள். ஏன் என்று எனக்குத் தெரியும். தெரியாதது போல் படுத்திருந்தேன். அமலா டீச்சர் கட்டிலருகே வந்து, "சரோஜா டீச்சர், உங்ககிட்ட நாத்தம் அடிக்குது" என்றார். எனக்கு அழுகை வந்தது. "அழுவுங்க. ஆனா அடிக்குது. எத்தினி நாளாச்சு உடம்பு தொடச்சி?"

பதில் சொன்னது என் மாமியார். "தொடக்கிறதா? மூஞ்சி மட்டும் கழுவி விட்டுக்கினுதான் இருக்கேன் டீச்சரம்மா. அடிபட்ட உடம்புல ஈரம் பட்டா ஜன்னி வந்துரும். எங்க சின்ன மாமனாரு அப்பிடித்தான் போய்ச் சேர்ந்தாரு."

"அவரு தொடச்சிக்கினாரா, குளிச்சாராம்மா?"

"ஜுரத்தோட கெணத்துல குதிச்சாரு."

"கெணத்துல குதிச்சா ஜன்னி வராம வேற இன்னா வரும்? உங்க மருமவள நான் கெணத்துல தள்ள மாட்டேன். ஒரு குண்டான் சுடுதண்ணி மட்டும் குடுங்க."

மாமியார் நகரவில்லை. தயங்கியதற்குக் காரணம் ஜன்னி மட்டும் இல்லை. அமலா டீச்சரின் அப்பா அனந்தபுரம் பக்கம் யார் யார் நிலத்திலோ கூலி வேலை செய்தவர் என்பதும், அவர் எந்தத் தெருவில் பிறந்தார் என்பதும் மாமியாருக்குத் தெரியும். இதை எழுதாமல் விட்டால் அமலா டீச்சர் கோபித்துக்கொள்ள மாட்டார். நான் கோழையாகிவிடுவேன். அன்று என் நாற்றம் என் பயத்தைவிடப் பெரிதாக இருந்ததால், "குடுங்க அத்தே" என்றேன். வேறு எந்த நல்ல காரணத்தாலும் இல்லை.

அவர் வேலை செய்த விதம் எனக்கு இன்னும் வரிசை மாறாமல் நினைவிருக்கிறது. கணவரின் பழைய வேட்டியைக் கேட்டு வாங்கி ஐந்து துண்டாகக் கிழித்தார். என் கழுத்துவரை போர்வையை மூடினார். முகத்துக்குச் சோப்பில்லாத துணி. பிறகு ஒரு கையை மட்டும் வெளியே எடுத்து, சோப்புத் துணி, வெறுந்துணி, உலர்ந்த துணி என்று மூன்று முறை. அந்தக் கை போர்வைக்குள் போன பிறகுதான் மறுகை வெளியே வரும். துணியைச் சொட்டாமல் பிழிவார். "சொட்டினா அது குளியல். உங்க மாமியாருக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன்." தொடைவரை வந்ததும் ஒரு துண்டைப் பிழிந்து என் கையில் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். "அங்க நீங்களே. எட்டுற வரைக்கும் போதும்." பதினோரு நாளில் யாரும் எனக்குக் கொடுக்காத மரியாதை அது.

பிறகு, "இப்ப முதுகு" என்றார்.

நான் முடியாது என்றேன். கால் போய்விடும் என்றேன். கெஞ்சினேன். கடைசியில் திட்டவும் செய்தேன். உங்களுக்கென்ன, உங்கள் கால் இல்லையே என்றேன். அவர் கோபப்படவில்லை. கணவரைக் கூப்பிட்டு, டாக்டர் என்ன சொன்னார் என்று வார்த்தைக்கு வார்த்தை கேட்டார். கட்டையாகப் புரட்டலாம் என்று சொன்னது அப்போதுதான் கணவருக்கே நினைவு வந்தது. ஒருவர் தோளிலும் இடுப்பிலும், மற்றவர் இடுப்பிலும் முழங்காலிலும் கை வைத்து, மூன்று எண்ணி என்னைப் பக்கவாட்டில் திருப்பினார்கள். அந்த மூன்று எண்ணும் நேரத்தில் நான் செத்துப் பிழைத்தேன். "கட்டைவிரலை ஆட்டுங்க" என்றார். ஆட்டினேன். "ஆடுது. சாட்சிக்கு உங்க வீட்டுக்காரர் இருக்காரு."

முதுகைத் துடைத்தார். இடுப்புக்குக் கீழே, எலும்பு புடைத்த இடத்தில் அவர் விரல் அழுத்துவதும் எடுப்பதுமாக இருந்தது. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். என்ன டீச்சர் என்றேன். "ஒரு வெத்தல அளவுக்குச் சிவந்திருக்கு. அழுத்தினா வெளுக்குது, எடுத்தா சிவக்குது. நல்லது. ரத்தம் ஓடிக்கினு இருக்கு." வெளுக்காவிட்டால்? "வெளுக்காட்டா உள்ள செத்துக்கினு இருக்குன்னு அர்த்தம். அப்புறம் மேல் தோலும் வுட்டுரும்."

மறுநாளிலிருந்து என் பயம் காலிலிருந்து முதுகுக்கு ஏறிக்கொண்டது. மாலை பாசஞ்சர் ஸ்டேஷனுக்குள் நுழைகிற ஊதல் கேட்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன். விக்கிரவாண்டியில் கிராசிங் ஆகித் தாமதமானால், இன்று அவர் வரமாட்டார், இன்றுதான் அது வெளுக்காமல் போகும் என்று தோன்றும். அவர் வந்துவிடுவார். துடைப்பார், புரட்டுவார், விரல் வைப்பார். "வெளுக்குதா?" என்று நான் கேட்பேன். "வெளுக்குது" என்பார். அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, எப்படி இதெல்லாம் தெரியும் என்று கேட்டேன். துணி பிழிந்துகொண்டே சொன்னார். அவருடைய அம்மா வாதம் வந்து நான்கு மாதம் கிராமத்தில் படுக்கையில் கிடந்தாராம். "தினம் மூஞ்சி கழுவி, தல வாரி, பவுடர் போட்டு வெச்சிருப்பேன். பாக்க வர்றவங்கல்லாம், பொண்ணுன்னா இப்பிடி இருக்கணும்னு சொல்லிட்டுப் போவாங்க. எனக்கும் பெருமை. முதுகை ஒருத்தரும் பாக்கல. நானும் பாக்கல. பாத்தா இன்னா இருக்குமோன்னு பயம் டீச்சர். வாடை வந்ததும் ஊதுபத்தி ஏத்தினேன். ஆஸ்பத்திரில தூக்கிப் புரட்டினப்ப அந்த நர்ஸம்மா என்னப் பாத்த பார்வை இருக்கே..." துணியை உதறினார். "விரல் வெச்சிப் பாக்கிறத அவங்கதான் சொல்லிக் குடுத்தாங்க. எல்லாம் முடிஞ்சப்புறம்."

ஒரு நாள் விரலை எடுத்தவர் மறுபடி வைத்தார். நான் கேட்டேன். "இன்னிக்கு வெளுக்கல" என்றார். ஏன் சொன்னீர்கள், மறைத்திருக்கலாமே என்று அழுதேன். "கேட்டீங்க. கேட்டவங்களுக்குச் சொல்லணும்" என்றார். பிறகு கணவரையும் மாமியாரையும் கூப்பிட்டு, இனி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும், அந்த இடத்தின் மேல் படுக்கவே விடக்கூடாது என்று சொன்னார். மணி பார்க்கத் தெரியாத என் மாமியார் ரேடியோ நிகழ்ச்சிகளை வைத்துக் கணக்கு வைத்துக்கொண்டார். மாநிலச் செய்தி என்றால் வலப்பக்கம், உழவர் நிகழ்ச்சி என்றால் இடப்பக்கம். நான் கத்தினால், "கம்முனு கெட. டீச்சரம்மா வந்து கேட்டா யாரு பதில் சொல்றது?" என்பார். குண்டானை அவரே சுமந்து வந்து அமலா டீச்சர் பக்கத்தில் நின்றதும் அந்த வாரம்தான். அப்படிப் புரட்ட ஆரம்பித்த ஒன்பதாம் நாள் அது வெளுத்தது. தைப் பொங்கலுக்கு நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

சென்ற வருஷம் அமலா டீச்சருக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்ததும், சென்னையில் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்ததும், பலனில்லை என்று திருப்பி அனுப்பியதும் உங்களுக்குத் தெரியும். விழுப்புரத்தில் தம்பி வீட்டில் படுத்திருந்தார். தம்பி மனைவி பிலோமினா நல்ல பெண். போகும்போதெல்லாம் அமலா டீச்சர் முகம் கழுவி, தலை வாரி, வெள்ளைத் துணியில் சுத்தமாக இருப்பார். நான் தலைமாட்டில் உட்கார்ந்து பள்ளிக்கதை சொல்வேன். அவர் சிரிப்பார். அறையில் சாம்பிராணி மணக்கும்.

ஆறு முறை அப்படிப் போய்விட்டு வந்தேன். அந்த ஆறு முறையும் அவர் முதுகைப் பற்றிக் கேட்க எனக்குத் தோன்றியது, ஆறு முறையும் கேட்கவில்லை. பிலோமினா தப்பாக நினைப்பாளோ என்று ஒரு சாக்கு வைத்திருந்தேன். உண்மை அது இல்லை. அந்த வீட்டில் ஏன் எப்போதும் சாம்பிராணி போடுகிறார்கள் என்று யோசிக்கவே நான் பயந்தேன்.

ஏழாம் முறை அவரே சொன்னார். "டீச்சர், என் முதுகப் பாருங்க. இவ சின்னவ, பயப்படுறா. கேட்டா நல்லாத்தான் இருக்குன்றா." பிலோமினா வாசலில் நின்று அழ ஆரம்பித்தாள். நாங்கள் இருவரும் மூன்று எண்ணிப் புரட்டினோம். அவருக்கு எடையே இல்லை. விரல் வைத்துப் பார்க்க அங்கே தோல் இல்லை.

"வெளுக்குதா?" என்றார்.

"வெளுக்குது" என்றேன்.

என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "இருபது வருஷம் பிள்ளைங்க பொய்யக் கேட்டவ நான். நீங்க பாஸ் மார்க்குகூட வாங்க மாட்டீங்க. வழி எழுதுங்க டீச்சர். எவ்ளோ பெருசு?"

என் உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினேன். அதைப் பார்த்தார். அவர் கண்ணிலும் பயத்தைக் கண்டேன். அவர் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு, "செரி. தண்ணி சூடு பண்ணச் சொல்லுங்க" என்றார்.

டாக்டரை அழைத்துவந்து புண்ணுக்கு மருந்து கட்டினோம். அன்றிலிருந்து இருபத்திரண்டு நாள், பள்ளி விட்டதும் நேரே அங்கே போனேன். நானும் பிலோமினாவும் சேர்ந்து துடைத்தோம். கீழே துடைக்கத் துணியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, அவர் கை எழும்பாமல் போன நாள்வரை, சுவர்ப்பக்கம் திரும்பி நின்றோம். புண் ஆறவில்லை. பெரிதாகவும் இல்லை. அவரைக் கொண்டுபோனது அது இல்லை, நோய்தான் என்று டாக்டர் என்னிடம் இரண்டு முறை சொன்னார். நான் இரண்டு முறை கேட்டதால் சொன்னார்.

அடக்கத்தன்று வந்தவர்கள் எல்லோரும் முகத்தைப் பார்த்து, தூங்குவது போலவே இருக்கிறார் என்றார்கள். நானும் தலையாட்டினேன். ஆறு மாலைகள் அந்த முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவள் நான் என்று அவர்களுக்குத் தெரியாது. இப்போது உங்களுக்குத் தெரியும்.

அவரிடமிருந்து எனக்கு ஒரு பயம் வந்திருக்கிறது. அதைத்தான் வைத்துக்கொள்ளப்போகிறேன். முன்பு எனக்கிருந்தது கண்ணை மூடிக்கொள்ளச் சொன்ன பயம். இது எழுப்பி உட்கார வைக்கிறது. போன வாரம் எங்கள் தெருவில் இடுப்பு முறிந்து கிடக்கும் ஒரு பெரியவரைப் பார்க்கப் போனேன். முகம் பளிச்சென்று இருந்தது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பதற்கு முன், "முதுகைப் பார்த்தீங்களா?" என்று அவர் மகளிடம் கேட்டேன். அவள் முகம் சுருங்கியது. புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, அவரைப் புரட்ட அவள் எதிர்ப்பக்கம் போய் நின்றேன்.